பதினேழாவது கேள்வி

பதினேழாவது கேள்வியில்தான் இடித்தது.

ஒரே சர்வர் அறையை இரண்டு பேர், வெவ்வேறு நாளில், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மதிப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான், அங்குள்ள தகவல்களுக்கு எவ்வளவு ஆபத்து என்ற அறிக்கையை நம்பலாம். நம்பலாம் என்று கையெழுத்துப் போடுவது வீணாவின் வேலை. போன கம்பெனியில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஒரு கையெழுத்து அவள் வேலையையே தின்றிருந்தது. அன்றிலிருந்து தன் நிழலைக்கூட அவள் நம்புவதில்லை.

தியோடரும் கஸ்தூரிரங்கனும் முப்பத்தொன்பது கேள்விகளுக்கு ஒரே மார்க் போட்டிருந்தார்கள். 'உங்களைச் சேர்க்காமல், அறைக்குள் எத்தனை பேர்?' என்பதற்கு மட்டும், திங்களன்று போன தியோடர் ஒன்று என்றும், நேற்றுப் போன கஸ்தூரிரங்கன் இரண்டு என்றும் எழுதியிருந்தார்கள். பூட்டிய அறையில் யார் இருப்பார்கள்? போகாமலே எழுதிவிட்டார்கள், திருடர்கள். கேட்கவும் வழியில்லை. தியோடர் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புவதாகச் சொல்லியிருந்தான். கஸ்தூரிரங்கன் இன்று வேலைக்கு வரவில்லை. மத்தியானமே, அந்த சர்வர் அறை இருக்கும் அல்சூருக்கு ஆட்டோ பிடித்தாள்.

தூசு கூடாதென்று எல்லோரும் செருப்பை அறை வாசலிலேயே விட வேண்டும். அங்கே தியோடரின் பழுப்பு ஷூ இருந்தது. வெறுங்காலோடு நடப்பதாக வேண்டிக்கொண்டிருப்பான், போகட்டும். ஆனால் பக்கத்தில் இருந்தது கஸ்தூரிரங்கனின் வார் தைத்த செருப்பு.

"ரெண்டு பேரும் வெளிய வந்தத பாத்தீங்களா?"

காவலாளி டொமினிக் தலையைச் சொறிந்தார். "ஷீட்டு பொட்டில விழுந்திச்சி மேடம். ஆள பாக்கல. டீக்குப் போயிருப்பேன்."

எழுதியதை வெளியே வந்து திருத்திவிடக் கூடாதென்று, உள்ளிருந்தே கதவின் துவாரம் வழியாகத் தாளை வெளியிலுள்ள பெட்டியில் போட வேண்டும் என்பது விதி.

"நல்லா கதை விடறீங்க," என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. ஏசியின் ஓயாத இரைச்சலுக்குள், சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில், கஸ்தூரிரங்கனின் மூக்குப்பொடி நெடி மெல்ல ஏறி வர, பச்சை விளக்குகள் சிமிட்டும் அலமாரிகளுக்கு நடுவே ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தாள். யாருமில்லை. பொய்தான் எழுதியிருக்கிறார்கள். நிம்மதியாகக்கூட இருந்தது. கையோடு கொண்டுவந்த புதுக் கேள்வித்தாளில் பூஜ்யம் போடப் பேனாவைத் திறந்தாள்.

எங்கேயோ பேனா கீறும் சத்தம்.

அவள் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை.

குனிந்தாள். அலமாரிக்கு அடியில் இடுக்கு. அந்தப் பக்கம் கால்கள். தியோடரின் நீல சாக்ஸ். கஸ்தூரிரங்கனின் வெடித்த குதிகால். இரண்டும் சுவரைப் பார்த்து. நடுவில் இன்னொரு ஜோடி. அவளைப் பார்த்து.

ஓடினாள். கைப்பிடி திரும்பவில்லை. கதவுக் கண்ணாடியைத் தட்டினாள். டொமினிக் திரும்பவேயில்லை. பெட்டியில் ஏதோ விழுந்தது.

டொமினிக் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவள் கையெழுத்து. பதினேழாவது கேள்விக்கு, மூன்று.

அவள் தாள் அவள் கையிலேயே வெறுமையாக இருந்தது. பின்கழுத்தில் மூக்குப்பொடி நெடி.

கண்ணாடிக்கு அப்பால் டொமினிக் குனிந்து, அவள் செருப்பை மற்ற இரண்டு ஜோடிகளுக்குப் பக்கத்தில் நேராக வைத்துவிட்டு, டீக்குப் போனார்.