பதர் ஒட்டிய நாலு சுவர்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்குக் கீழமாங்கரை நிவாரணக் கிளை அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தஞ்சாவூரிலிருந்து விசாரணைக்கு வந்த தணிக்கை அதிகாரி அம்சவல்லி. தலைமை எழுத்தர் பஞ்சநதம். காசாளர் செவ்வந்தி. அலுவலக உதவியாளர் முபாரக். ஐந்தாவது ஆளை யாரும் அழைக்கவில்லை. அவர் செவ்வந்தியின் அப்பா ரெத்தினம்; முப்பத்தோரு வருடம் ஆற்று மதகுகளில் ஷட்டர் ஏற்றி இறக்கி ஓய்வுபெற்ற லஸ்கர். அவருக்கும் நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

நடுவில் இரும்புப் பெட்டி வாய் பிளந்து கிடந்தது. வெள்ள முகாம் செலவுக்கு வந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வியாழக்கிழமை வரை அதில் இருந்தது.

"சொல்லுங்க," என்றார் அம்சவல்லி.

பஞ்சநதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னைக்கு மதியம் ரெண்டு மணிக்கு எல்லாரையும் பள்ளிக்கூட முகாமுக்கு அனுப்பிட்டேன் மேடம். பெட்டிக்கு ரெண்டு பூட்டு. என் சாவி என்கிட்ட. செவ்வந்தி தன் சாவியையும் என்கிட்டக் குடுத்துட்டுப் போச்சு. மூன்றரைக்குத் தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. பணமாவது பிழைக்கட்டும்னு பெட்டியைத் திறந்து பையைத் தோள்ல போட்டேன். வாசப்படி தாண்டுறேன், ஆத்து வெள்ளம் ஒரே இழுப்பு. பை போச்சு. நான் தப்பிச்சதே பெருசு."

"கதவு?"

"திறந்தது திறந்தபடி ஓடிட்டேன்."

"ஆமா மேடம்," என்றார் முபாரக். "நேத்து தண்ணி வடிஞ்சதும் நான்தான் முதல்ல வந்தேன். கதவு திறந்துதான் கெடந்துச்சு. சாமான் எதையும் இன்னும் எடுத்து வைக்கல."

"சாவி குடுத்ததுக்கு ரசீது வாங்குனியாம்மா?"

செவ்வந்தி தலை குனிந்தாள். "வாங்கல மேடம். கர்ப்பிணிங்க நாலு பேரை ஏத்திக்கிட்டு வண்டி நின்னுச்சு. 'சாவியைக் குடுத்துட்டு ஏறு'ன்னார். குடுத்துட்டேன்."

"அதனால என்ன மேடம்," என்று பஞ்சநதம் குழைந்தார். தட்டச்சு செய்த தாள் ஒன்றை மேசைமேல் வைத்தார். "அவசர காலத்துல போன பணத்துக்குக் காசாளரைப் பொறுப்பிலேர்ந்து விடுவிக்க விதி இருக்கு. மனு நானே அடிச்சுட்டேன். கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. பாவம், சின்னப் பொண்ணு."

ரெத்தினம் தாளை எடுத்துப் படித்தார். 'காசாளரின் கவனக்குறைவைக் கருணையுடன் மன்னித்து' என்ற வரியில் அவர் விரல் நின்றது.

"எதுக்குக் கருணை?" என்றார். "எங்க குடும்பத்துல அரசாங்கச் சாவியை வாங்குன முதல் கை என்னோடது. ரெண்டாவது இவளோடது. மன்னிச்சோம்னு எழுதி வாங்கிட்டுப் போனா, எடுத்தவ இவதான்னு எழுதிக் குடுத்த மாதிரி."

"அப்பா, கையெழுத்துப் போடலன்னா மாசாமாசம் சம்பளத்துல பிடிப்பாங்கப்பா," என்றாள் செவ்வந்தி மெல்ல.

"பிடிக்கட்டும். கஞ்சி குடிப்போம்."

அம்சவல்லி குறுக்கிட்டார். "ஐயா, விதி நல்ல விதிதான். தப்பே செய்யாத ஆளு வெள்ளத்துக்கும் தீக்கும் பணம் கட்டக் கூடாதுன்னுதான் வச்சிருக்காங்க. அதுல அவமானம் இல்ல."

"விதியை நான் குறை சொல்லலம்மா. வெள்ளம் கொண்டு போயிருந்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்குவேன். கொண்டு போச்சான்னு பாக்கணும்ல?"

பஞ்சநதம் சிரித்தார். "பெரியவரே, ஷட்டர் தூக்குன ஆளுக்கு ஆபீஸ் விஷயம் என்ன தெரியும்?"

"ஆபீஸ் தெரியாது. தண்ணி தெரியும்."

மணி பத்து ஐம்பது. ரெத்தினம் அறையைச் சுற்றி நடந்தார். பக்கத்து நெல் கொள்முதல் களத்தில் தூற்றிப் போட்ட பதர் தண்ணீரில் மிதந்து வந்து, நாலு சுவரிலும் இடுப்பு உயரத்தில் நூல் பிடித்தாற்போல் ஒரே கோடாக ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் விளக்குமாறு மேசைமேல் கிடந்தது. ரப்பர் செருப்பு ஒன்று பெஞ்சுமேல். இன்னொன்று அலமாரி இடுக்கில்.

"செருப்பு யாரோடது?"

"என்னோடதுதாங்கய்யா," என்றார் முபாரக். "அவசரத்துல வாசல்கிட்ட விட்டுட்டு ஓடினேன்."

"வாசல்கிட்டயா?"

"வாசல்கிட்டதான்."

ரெத்தினம் கைபேசியை எடுத்து, இப்போது மதகில் வேலை பார்க்கும் அப்துல் ஜலீலைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தம்பி, வியாழக்கிழமை நம்ம வாய்க்கால் ஷட்டரை எத்தனை மணிக்கு இறக்குன?"

"பதினொன்னு பத்துக்கண்ணே. நோட்டுல எழுதியிருக்கேன்."

"கரை எங்கயாவது உடைஞ்சுதா?"

"ஒரு எலி வளைகூட உடையலண்ணே. ஏன், யாரு கிளப்பி விட்டா?"

பேச்சைத் துண்டித்துவிட்டு ரெத்தினம் அதிகாரியின் பக்கம் திரும்பினார். முதுகு இன்னும் நிமிர்ந்திருந்தது.

"அம்மா, ஷட்டரை முன்னாடியே இறக்கியாச்சு, கரையும் உடையல; ஆத்துத் தண்ணி அன்னைக்கு ஊருக்குள்ள வரவே இல்ல. இங்க நின்னது மழைத் தண்ணி. வடிகால் அடைச்சுக்கிச்சு, போக வழியில்லாம குடத்துல ஏறுற மாதிரி ஏறுச்சு. ஏறுற தண்ணி வேற, ஓடுற தண்ணி வேற. ஓடியிருந்தா பதர் வாசப் பக்கமா ஒதுங்கியிருக்கும். இங்க நாலு சுவத்துலயும் சமமா ஒட்டியிருக்கு. கதவு விரியத் திறந்து கெடந்தும் வாசல்கிட்ட விட்ட ரப்பர் செருப்பு வெளிய போகல, உள்ளதான் சுத்தியிருக்கு. செருப்பை இழுக்கத் தெரியாத தண்ணி, ஒரு ஆளு தோள்ல கெடந்த பணப்பையை இழுத்துச்சாம்!"

பஞ்சநதம் கைக்குட்டையைத் தேடினார்.

"நான்... பயத்துல... கை நழுவியிருக்கும்."

"நழுவுன பை எங்க?" என்றார் அம்சவல்லி. "இழுப்பு இல்லாத தண்ணியில விழுந்தது விழுந்த இடத்துலதானே கிடக்கும்? முபாரக், வாசல்ல பை கிடந்துச்சா?"

"சேறுதான் கெடந்துச்சு மேடம்."

"ரெண்டு சாவியும் உங்ககிட்ட. வெள்ளக் கதையும் உங்களோடது. மனுவும் நீங்களே அடிச்சிருக்கீங்க." அம்சவல்லி குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டா விசாரணையை மூடிடுவாங்க. அதுக்குத்தான் இந்தக் கருணை. பணத்தை எடுத்தது நீங்கதான் பஞ்சநதம்."

பதினொன்றரைக்குப் போலீஸ் வந்தது. மாலை நாலேகாலுக்கு, பஞ்சநதத்தின் மைத்துனர் வைத்திருந்த விதைநெல் கடையில், உர மூட்டைக்குப் பின்னால் பை கிடைத்தது. வங்கிக் கட்டு பிரிக்காமல் இருந்தது. ஒரு நோட்டில்கூட ஈரம் பட்டிருக்கவில்லை.

அம்சவல்லி அறிக்கையை அங்கேயே எழுதினார். ரசீது எழுத நேரம் கொடுக்காமல் சாவியை வாங்கிய மேலதிகாரியின் குற்றத்தை, உயிர்களைக் காக்க வண்டி ஏறிய காசாளர் தலையில் கட்ட முடியாது என்பது அதன் கடைசி வரி. செவ்வந்தி அதை இரண்டு முறை படித்தாள். ரெத்தினம் பஞ்சநதத்தின் மனுவை நாலாகக் கிழித்தார். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அரசாங்கம் பணத்தைத் தள்ளுபடி செய்து செவ்வந்தியை மன்னித்து விட்டுவிட்டதாகப் பாபநாசம் பேருந்துகளில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது பொய். தள்ளுபடி ஒரு ரூபாய்கூட இல்லை. அவளை யாரும் மன்னிக்கவில்லை. மன்னிக்க அவள் எதுவும் செய்யவில்லை.