வண்டாகாத புழு

கிடங்கைப் பெருக்கும்போது துடைப்பத்தில் சிக்கியதை, மீன் கழுவும் கையுறையிலிருந்து அறுந்த விரல் என்றுதான் ஜஹனாரா முதலில் நினைத்தாள். குனிந்து எடுத்தபோது அது காற்றைவிடக் கனமில்லாமல் இருந்தது. பழுப்பு நிறம், மேலெல்லாம் முள்முடி, முதுகில் நீளவாட்டில் ஒரு கிழிசல், உள்ளே ஒன்றுமில்லை. கருவாட்டுப் புழு உரித்துப்போட்ட தோல். அந்தப் புழுவைச் சிறுவயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். நெல்மணியைவிடச் சற்று நீளமாக இருக்கும். இந்தத் தோல் அவள் நடுவிரல் அளவு இருந்தது.

அதைவிட அவளுக்குப் புரியாத சங்கதி ஒன்று உண்டு. புழு இருந்தால் வண்டும் இருக்க வேண்டும். வாரக்கணக்காகக் கிடங்கில் ஒரு வண்டுகூடக் கண்ணில் படவில்லை.

முட்டுக்காட்டில் அவர்கள் வீட்டின் முன்பாதி கருவாட்டுக் கிடங்கு. பின்பாதியில் அவளும் கணவன் ஃபர்தீனும் ஆறு வயது மகள் ஜன்னாவும். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதை ஒட்டி ஜன்னாவின் கட்டில்.

"இன்னாங்க, மருந்து அடிச்சும் தோலு வந்துகினே கீதே?"

"சாவலன்னா இன்னொரு ரவுண்டு அடிக்கணும். பின்ன, நாஸ்தா குடுத்தா அனுப்ப முடியும்?" என்றபடி ஃபர்தீன் மருந்து பம்பை முதுகில் மாட்டினான். கரப்பானோ கரையானோ, உயிரோடு கண்ணில் பட்டால் மறுபடி அடிப்பான். எல்லா மருந்தையும் அப்படித்தான் அடித்துப் பழக்கம். தரையிலும் சுவரிலும் ஈரம் காய அவன் விட்டதே இல்லை.

அடுத்த தோல் ஜன்னாவின் பள்ளிக்கூடக் காலுறை அளவு இருந்தது. அதற்கடுத்தது ஃபர்தீனின் முழுக்கைச் சட்டையின் கை அளவு. சின்னப் புழுக்களும் குறைந்துகொண்டே வந்து, பிறகு ஒன்றுகூட இல்லை. சுறாக் கருவாட்டு மூட்டையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை முள் மட்டும், நக்கித் துடைத்ததுபோல. தின்றது மூட்டை அடுக்குக்குப் பின்னாலேயே இருந்தது, கண்ணில் படவில்லை.

செங்கல்பட்டில் மருந்து விற்ற கடைக்காரர் திருவேங்கடத்தைக் கைபேசியில் அழைத்தாள். அவருக்கு யாராவது கேள்வி கேட்டால் போதும், கடையில் கூட்டம் நின்றாலும் விளக்குவார்.

"திரும்பத் திரும்ப அடிச்சீங்களா? அய்ய, அது அப்பவே சாவடிக்கிற மருந்து இல்லம்மா. புழுவோட தோலு கூடவே வளராது. புள்ளைங்க ஷூ மாதிரின்னு வெச்சிக்க. காலு பெருசானா கழட்டிப் போட்டுட்டு வேற போட்டுக்கணும். அது ஒடம்புல ரெண்டு சத்து ஊறும். ஒண்ணு, தோல உரின்னு சொல்லும். இன்னொண்ணு, நீ இன்னும் கொயந்தைதான்னு சொல்லும். ரெண்டாவது வத்தினாத்தான் புழு வண்டாவும். நம்ம மருந்து அந்த ரெண்டாவது மாதிரி வேஷம் போடும். அளவா அடிச்சா வண்டாவத் தெரியாம, அரைகொறையா உரிச்சிட்டு செத்துப்பூடும். முட்ட இல்ல, வாரிசு இல்ல. ஆனா ஒண்ணு ரெண்டு சாவாம தாங்கிக்கும். அதுக்கு மேல விடாம அடிச்சுகினு இருந்தா..."

"இருந்தா?"

"கொயந்தையாவே கீது. திங்குது, உரிக்குது. கூட கீற புழுவக்கூட வுடாது."

"எவ்ளோ பெருசு வரிக்கும்ணா?"

"மருந்த நிறுத்தும்மா," என்றார் திருவேங்கடம். "அதுவா வண்டாவும். அந்த நேரத்துல திங்கறத வுட்டுட்டு ஒளிய எடம் தேடும். மரமோ செவுரோ, கொடஞ்சு உள்ள பூந்து படுத்துக்கும்."

நிறுத்தினார்கள். கிடங்கிலிருந்து நாள் முழுக்கக் கேட்ட, ஈரத் துணியைக் கிழிப்பதுபோன்ற அந்த மெல்லும் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அடங்கியது. ஃபர்தீன் நிம்மதியாக, மிச்சமிருந்த கருவாட்டை லோடு ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் போனான். ராத்திரிக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னான்.

அன்று மழை. அந்திநேர மக்ரிப் தொழுகைக்காகப் பாயை விரிக்கும்போது ஜன்னாவின் குரல் கேட்டது.

"அம்மா, செவுத்துக்குள்ள யாரோ சொரண்டறாங்க."

தலையணைமேல் சுண்ணாம்புத் தூள் விழுந்திருந்தது. ஜஹனாரா சுவரில் காதை வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, பொறுமையாக, நிறுத்தாமல், செங்கல்லை அரைக்கும் சத்தம். ஃபர்தீனை அழைக்கக் கைபேசியை எடுக்கக் கூடத்துக்கு ஓடினாள். அதற்குள் கிடங்குப் பக்கம் ஏதோ பெயர்ந்து விழுந்தது. சுரண்டிய யாரோ கதவு வழியாக வந்துவிடுவார்கள் என்று பயந்துபோன ஜன்னா, கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டுவிட்டாள்.

"தொறடி கண்ணு. அம்மாதான்."

"வர மாட்டேங்குது."

மழையில் ஊறி உப்பிய கதவு. இறுகிப்போன தாழ்ப்பாள். அந்தப் பிஞ்சு விரல்களுக்கு அது நகராது. ஜஹனாரா தோளால் மோதினாள். மறுபடி மோதினாள். ஜன்னலில் கம்பி. பக்கத்து ஜெசிந்தா வீடு பூட்டிக் கிடந்தது. ஃபர்தீன் கைபேசியை எடுக்கவில்லை.

"அம்மா, ஓட்ட வுழுந்துச்சி. உள்ள முடி முடியா தெரியுது."

வாசல் சுற்றிக் கிடங்குக்கு ஓடினாள்.

உப்பும் அழுகலும் நெஞ்சை அடைத்தன. விளக்கு எரியவில்லை. கைபேசி வெளிச்சத்தில் காலிச் சாக்குகள், முட்குவியல், மூலையில் ஃபர்தீனின் பம்பு. நடுச்சுவரில், செங்கற்களுக்கு நடுவே, தலை உள்ளே போயிருக்க, வெளியே மீதி உடம்பு. கட்டுமரத்தின் பருமன். வளையம் வளையமாக. ஒவ்வொரு வளையத்திலும் விறைத்த முடி.

அது தள்ளியது. சுவர் நெளிந்தது.

அந்தப் பக்கம் ஜன்னா அழைத்துக்கொண்டே இருந்தாள்.

கொல்ல எதுவுமில்லை. கத்தியில்லை, கடப்பாரையில்லை. பம்பில் மருந்து இருந்தது. பாதித் தொட்டிக்கு மேல். அவள் அடித்தாள். முதுகில், வளையங்களின் இடுக்கில், மூச்சுத் துளைகளில். கை ஓயும்வரை.

அரைப்பது நின்றது.

முடிகள் படிந்தன. உடம்பு நடுங்கியது, எதையோ மறந்துபோனதுபோல. பிறகு மெல்லப் பின்வாங்கியது. செங்கற்கள் உதிர்ந்தன. வெளியே வந்த தலைக்குக் கண் என்று எதுவும் தெரியவில்லை. வாய் மட்டும். சாக்குகளைத் தடவியது. முட்களைத் தடவியது. எதுவும் மிச்சமில்லை. தின்ன எதுவும் இல்லாத வாய் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பியது. ஓட்டையின் பக்கம். ஜன்னாவின் வாசனை வரும் பக்கம்.

"இங்க," என்றாள் ஜஹனாரா. காலால் தரையைத் தட்டினாள். "இங்க பாரு."

அது திரும்பியது.

அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. மருந்தின் ஈரம் மேலே இருக்கும்வரை அது குழந்தை. குழந்தைக்கு ஒளிந்துகொள்ளச் சுவர் வேண்டாம், இரைதான் வேண்டும். ஃபர்தீன் வந்து அந்த அறைக்கதவை உடைக்கும்வரை ஈரம் காயக்கூடாது, இரை இந்தப் பக்கமே இருக்க வேண்டும். ஜஹனாரா ஓட்டையை முதுகால் அடைத்து நின்றுகொண்டு, பம்பை அடிக்கத் தொடங்கினாள்.