டார்ம்ஸ்டாட்டில் ஏற்றிய மருந்து

கட்டிலில் ஆளில்லை. ஆனால் மூச்சுச் சத்தம் கேட்டது.

அரியரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் காது கொடுத்தார். மார்கழியில் பிராங்பேர்ட்டில் பின்னேரமே இருண்டுவிடும்; அகதி விடுதியின் சுவர் ஈரத்தில் ஊறி, பழைய சப்பாத்தும் வதக்கிய வெங்காயமுமாக மணக்கும்; சுவரோடு பொருத்திய ஹீட்டர் சிலவேளை கிழவனைப் போலப் பெருமூச்சு விடும். அதுவாகத்தான் இருக்கும் என்று ஹீட்டரில் கையை வைத்தார். குளிர்ந்து கிடந்தது.

மூச்சு எதிர்க் கட்டிலில் இருந்து வந்தது. உருத்திரமூர்த்தியின் கட்டில். அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இன்றைக்குப் பின்னேரம் இருதய ஒப்பரேஷன்.

காலையில் ஆஸ்பத்திரியில் டொக்டர் வந்து, அரியரத்தினத்தை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டது ஒரே கேள்விதான். நெஞ்சைத் திறக்கும்போது இரத்தம் அதிகம் போகாமலிருக்க ஒரு மருந்து ஏற்றுவார்கள். மாட்டின் சுவாசப்பையில் இருந்து எடுப்பது. முதல் தரம் உடம்பு பேசாமல் வாங்கிக்கொள்ளும். இரண்டாந்தரம் சிலருக்கு எதிர்த்துக் கிளம்பும். தோல் தடிக்கும், தொண்டை அடைக்கும், ஆளே போய்விடலாம். முன்பு எப்போதாவது ஏற்றினதா?

ஏற்றினதுதான். இந்தக் கோடையில், கிழக்கு பேர்லின் வழியாகக் களவாக வந்து பதியாமல் ஒளிந்திருந்த நாட்களில், கணையம் வீங்கி வலியில் துடித்தான் உருத்திரமூர்த்தி. அரியரத்தினம் தன் வைத்தியச் சீட்டைக் கொடுத்து, தன் பெயரிலேயே அவனை டார்ம்ஸ்டாட் ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்க வைத்தார். வெள்ளைக்காரனுக்கு நம்மட முகமெல்லாம் ஒன்றுதானே. அங்கே ஏற்றியதும் இதே மருந்து; அரியரத்தினத்துக்கு ஏற்றியதென்றே எழுதிவைத்தார்கள். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று நேர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்.

“அண்ணை, அங்க ஏத்தினதைச் சொல்லுங்கோவன்,” என்றான் உருத்திரமூர்த்தி இன்று காலை.

“வாயைப் பொத்தடா. ஆரின்ர பேரில படுத்தனி எண்டு கேப்பாங்கள். ரெண்டு பேரையும் பிளேனில ஏத்திப்போடுவாங்கள்.”

உருத்திரமூர்த்தி சிரித்தான். “சரி. உங்கட பேர் ராசியான பேர், அண்ணை. அண்டைக்கும் காப்பாத்தினது அதுதானே.”

அரியரத்தினம் டொக்டரைப் பார்த்து, “நைன்,” என்றார். இல்லை.

இப்போது எதிர்க் கட்டிலில் கம்பளி மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. அடியில் ஒரு நெஞ்சு கிடப்பது போல.

இன்னும் ஏற்றியிருக்கமாட்டார்கள். ரெலிபோன் எடுத்தால் நிற்பாட்டலாம். விசாவும் மண்ணாங்கட்டியும். அவர் எழும்பினார். மணிக்கட்டு கடித்தது. சொறிந்தபடியே அறைக்கு வெளியே நடைவழியில் தொங்கிய ரெலிபோனுக்கு ஓடினார். பின்னால் அறைக் கதவு திறந்தே கிடந்தது. சில்லறை விழுந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது.

கை முழுக்கச் சிவந்த தடிப்பு. கழுத்திலும். உதடு கனத்தது.

மூச்சு இங்கேயும் கேட்டது. கட்டிலில் கிடந்த மூச்சு, வரவர இலகுவாக, சுகமாக. அவருடையதுதான் இழுத்தது.

“ஹலோ?” நேர்ஸின் குரல்.

மருந்தை ஏற்றாதேங்கோ. சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. தொண்டையில் ஊசித் துவாரம்தான் மிச்சம். அதற்குள்ளால் ஒரு சீழ்க்கை.

எதிரே கறுத்த ஜன்னல். கண்ணாடியில் ஒரு முகம், கண் இரண்டும் மூடும்படி வீங்கி. அவர் முகம்தான்.

அதற்குப் பின்னால், திறந்த கதவுக்குள், கட்டிலில் யாரோ எழும்பி உட்கார்ந்திருந்தான். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாகப் பிளவு. ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

“ஹலோ? ஏதும் சொல்ல வேண்டுமா?” என்று ஜேர்மனில் கேட்டாள் நேர்ஸ்.

கட்டிலில் இருந்தவன் வாயைத் திறந்தான். வந்தது அரியரத்தினத்தின் குரல்.

“நைன்.”