மழை நாளில் மரக்குழல்

அறுபதாம் மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. இதை இன்னும் நம்பாத ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான் இருந்தார், குடியிருப்போர் சங்கத் தலைவர் ஆளவந்தார்.

செய்து காட்டியவள் அதே அறுபதாம் மாடிக்காரி செல்லக்கனி. மரம் மோட்டார் போட்டா தண்ணீர் ஏற்றுகிறது? வெயிலில் இலை நீராவியை விடுகிறது. அந்த இழுப்பில் மெல்லிய நாளங்கள் வழியே நீர் அறுபடாத நூல்போல வேரிலிருந்து ஏறுகிறது. அவளும் மயிரிழை போன்ற குழல்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து ‘மரக்குழல்’ செய்தாள். மொட்டைமாடி முழுக்கச் செயற்கை இலைகளை விரித்தாள். கட்டடத்தின் எல்லா வீட்டுக் குழாயும் இப்போது அதில்தான்.

அதற்கு முன் இருந்த மோட்டார் பத்தாவது மாடியோடு மூச்சை விட்டுவிடும். மேலே இருந்தவர்கள் குடமும் கையுமாக அலைந்தார்கள். லிஃப்ட் ஓடாத நாளில் படிதான். ஆளவந்தாருக்கு என்ன கவலை? மனிதர் விவரம், தண்ணீர் முதலில் வரும் தரைத்தளத்தைப் பிடித்துப் போட்டிருந்தார்.

“ஒரு நாள் நின்னாலும் பிடுங்கி எறிஞ்சிட்டுப் பழைய மோட்டாரைப் போட்டுடுவேன்” என்று சங்கக் கூட்டத்திலேயே சொல்லி, தீர்மானமும் போட்டுவிட்டார். செல்லக்கனி சிரித்தாள். மழையையே மறந்துபோன சென்னையில் அது எப்படி நிற்கும்? வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறியது.

அப்புறம் ஒரு நாள் காலையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊரே தெருவில் இறங்கி ஆடியது. வழக்கம்போல மின்சாரம் போய் லிஃப்டும் நின்றது. செல்லக்கனி மட்டும் குழாயைத் திறந்து பார்த்தாள். காற்றே ஈரமாகிவிட்டால் இலை நீராவியை விடாது. அது விடாவிட்டால் இழுப்பு ஏது?

“கனி, குழாய் விக்குதுடி!” பக்கத்து வீட்டு ரஹ்மத்து அக்கா ஓடிவந்தாள். “மறுபடியும் குடமா? அறுபது மாடி ஏற என் முழங்கால் தாங்காதுடி!”

அதற்குள் ஆளவந்தாரின் போன். “என்னம்மா, ஊருக்கெல்லாம் மழை, உன் குழாய்ல மட்டும் காத்துதான் வருதாமே? சாயங்காலம் பிடுங்க ஆள் வருது.”

செல்லக்கனிக்குக் கோபம் பொங்கியது. மொட்டைமாடிக்கு ஓடினாள். இலைத்துளைகளின் மூடிகள் மூடிக்கிடந்தன. மழையோடு அழுக்கு புகுந்துவிடுமே என்று, மழை பட்டதும் தானே மூடிக்கொள்ளும்படி அவளே வைத்த மூடிகள். மூடுபனிக் காட்டில் சில மரங்கள் இலையாலேயே குடிக்கும். அப்போது நீர் தலைகீழாக, வேரைப் பார்த்து இறங்கும். அடச்சே, இது தெரிந்துமா இலைகளின் வாயைக் கட்டி வைத்தேன்! நனைந்தபடியே நெம்புகோலைப் பிடித்து இழுத்தாள். அத்தனை மூடிகளும் திறந்தன.

“வந்துடுச்சுடி! பீய்ச்சி அடிக்குதுடி!” ரஹ்மத்து அக்காவின் குரல் படிக்கட்டில் கேட்டது. அந்தக் கூச்சல் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று மாடி மாடியாக இறங்கியது. செல்லக்கனி மழையிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

சாயங்காலம் மழை விட்டது. பிடுங்க ஆள் வரவில்லை, போன்தான் வந்தது. ஆளவந்தாரின் குரல் குழைந்திருந்தது.

“கனிம்மா, கீழ சொட்டுத் தண்ணி இல்லம்மா. மழை பெய்யிறப்போ வாசல்ல ஒரு வாளி கூட வைக்கத் தோணல.”

தண்ணீர் இன்றைக்கு மேலிருந்தல்லவா இறங்கியது! அண்டா, குண்டா என்று எல்லா மாடியும் பிடித்து முடித்ததில் தரைத்தளத்துக்கு மிச்சமில்லை. செல்லக்கனி பதில் சொல்வதற்குள் ரஹ்மத்து அக்கா போனைப் பிடுங்கினாள்.

“அதுக்கென்ன தலைவரே, எங்ககிட்ட நிறைய இருக்கு. குடத்தை எடுத்துட்டு வாங்க. லிஃப்ட் ஓடல, படியில பார்த்து ஏறுங்க!”