முதல் அடி

முதல் அடியிலேயே வெடித்தது. மணல் மூட்டையிலிருந்து புகை எழுந்தது.

"இன்னொண்ணு போடுங்க," என்றாள் பரிபூரணம்.

அவள் கணவன் நல்லமுத்து வேறொரு தோட்டாவை ஏற்றி விசையை இழுத்தான். அதுவும் வெடித்தது.

முப்பது ஆண்டுகளாக எந்தத் தோட்டாவும் முதல் அடியில் வெடித்ததில்லை. தோட்டாவின் பின்புறத் தீமூட்டிக்குள் மெல்லிய ஏடு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன் பெயர் தயங்கி. முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும். இரண்டாம் அடிதான் தீயை மூட்டும். இடையில் கிடைக்கும் ஒரு மூச்சில் மனிதன் மனம் மாறுவான் என்று எதிர்பார்த்தார்கள். மாறினான். கொலைகள் குறைந்தன.

பிறகு முதல் அடி ஒரு பேச்சாகிவிட்டது. பேருந்தில் இடத்துக்காக ஒருமுறை விசையை இழுத்தார்கள். செல்லமாகவும் இழுத்தார்கள். ஒப்பந்தங்களில் கையெழுத்து ஒழிந்தது. தன் துப்பாக்கியை எதிராளியிடம் கொடுத்துவிட்டு நெஞ்சைக் காட்டி நிற்க வேண்டும். அவன் ஒருமுறை விசையை இழுப்பான். 'சொடுக்'. ஒப்பந்தம் முடிந்தது.

பரிபூரணம் பழைய தோட்டாக்கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பித் தருபவள். சென்ற வாரம் ஒரு புகார் வந்தது. இரண்டாம் அடிக்கும் வெடிக்கவில்லை. துப்பாக்கியின் சுருள்வில்லைப் பார்த்தாள். சரியாக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தீமூட்டி சற்றுத் துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த தொகுதியில் தீமூட்டிகளை மயிரிழை ஆழமாக அழுத்தினாள்.

இப்போது அந்தத் தொகுதியில் இன்னும் சுடாத ஒன்றைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தாள். ஏடு நொறுங்கியிருந்தது.

"நான் அழுத்தினதுல உடைஞ்சிருக்கு."

"யாருக்கெல்லாம் குடுத்தே?"

"பரணிக்கு மட்டும். காலையில எடுத்துட்டுப் போனான்."

பரணிதரன் அவள் தம்பி. மேல்வாய்க்கால்காரர்களுடன் தண்ணீர் ஒப்பந்தம் முடிக்கப் போயிருந்தான். பதினோரு மணிக்கு. மணி பத்து ஐம்பத்தெட்டு.

கைபேசியில் அவனை அழைத்தாள். மூன்றாவது முயற்சியில் எடுத்தான்.

"அக்கா, இப்பத்தான் துப்பாக்கியைக் குடுத்தேன்."

"திரும்ப வாங்குடா. அது முதல் அடியிலேயே வெடிக்கும்!"

சிரித்தான். "நீயுமா?"

ஒப்பந்தத்துக்கு நிற்பவனிடம் உறவினர்கள் இதைத்தான் சொல்வார்கள். அவன் முகம் வெளுக்கிறதா என்று பார்ப்பதில் எல்லோருக்கும் ஆசை.

"அம்மா சத்தியமாடா!"

"போன வருஷம் மாமாவும் அம்மா மேலதான் சத்தியம் பண்ணாரு. அழுதுகூடக் காட்டினாரு."

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் அழுதாள்.

"ஆங், இப்ப நல்லா வருது. இரு அக்கா, எல்லாரும் கேக்கட்டும்." ஒலிபெருக்கியைப் போட்டான். அங்கே பலர் சிரித்தார்கள். ஒரு முதியவர் குரல் கேட்டது: "பயப்படாதம்மா, தம்பிய முழுசா அனுப்பிவைக்கிறோம்."

அவள் தொகுதியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து ஏற்றினாள். கைபேசியின் அருகே மணல் மூட்டையைச் சுட்டாள். ஒரே அடி. வெடித்தது.

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

பிறகு கைதட்டல்.

"முதல் சொடுக்கு கேக்கவே இல்லையே! எப்படிக்கா மறைச்சே?" என்றான் பரணி. "சரி, கொஞ்ச நேரம் பேசாம இரு. அவர் முகத்தைப் பார்த்து நிக்கணும்."

அவள் கத்திக்கொண்டே இருந்தாள். நல்லமுத்து தன் காதுகளைப் பொத்திக்கொண்டான்.