முதலைக்குப் பல்வலி

குண்டூசியின் வீட்டில் எந்த நாற்காலியும் வெறும் நாற்காலியாக இருக்காது. ஒன்றுக்கு வாத்துக் கால். இன்னொன்றுக்கு முதுகில் இறக்கை. துணி மாட்டும் கம்பம் ஒட்டகச்சிவிங்கி. அலமாரியின் இழுப்பறையைத் திறக்க வேண்டுமானால், அது நீட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும்.

எல்லாம் அம்மாவின் கைவேலை. வீட்டின் கீழ்த்தளத்தில்தான் அவருடைய மரப் பட்டறை. "சாதாரண மேசை எந்தக் கடையிலயும் கிடைக்கும். என்கிட்ட செஞ்சா மேசையும் கொஞ்சம் சிரிக்கணும்" என்பார்.

குண்டூசிக்கு ஒன்பது வயது. ஒல்லி உடம்பு, உருண்டைத் தலை. அதனால் அப்பா வைத்த செல்லப் பெயர் அது. யாராவது கேலி செய்தால், "பார்த்து! குத்திடுவேன்" என்பாள்.

ஒருநாள் பல் டாக்டர் பட்டறைக்கு வந்தார். ஆள் நெடுநெடுவென்று உயரம். குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல்.

"என் கிளினிக்ல பிள்ளைங்க ஒரே அழுகைங்க. ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், மத்தவங்களும் சேர்ந்து கச்சேரியே நடத்திடுறாங்க. அவங்க ஜாலியா உட்கார்ற மாதிரி ஒரு பெஞ்சு செஞ்சு தர முடியுமா?"

அம்மாவின் கண்கள் பளிச்சிட்டன. "முடியுமாவா? பார்த்துக்கிட்டே இருங்க!"

மூன்று வாரம் பட்டறையில் ரம்பமும் சுத்தியலும் ஓயவில்லை. கடைசியில் எட்டடி நீளத்துக்கு ஒரு பச்சை முதலை எழுந்து நின்றது. அதன் முதுகில் நான்கு பிள்ளைகள் உட்காரலாம். 'ஆ'வென்று திறந்த வாய்க்குள் சிவப்பு மெத்தை. அதில் ஒரு பிள்ளை சாய்ந்துகொண்டு புத்தகம் படிக்கலாம். இருபத்தெட்டு வெள்ளைப் பற்கள். கையில் கீறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பல்லையும் அம்மா உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்திருந்தார்.

சனிக்கிழமை காலை, முதலையை ஒரு பெரிய வெள்ளைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். குண்டூசியும் கூடவே போனாள்.

கிளினிக்கில் மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். அம்மா ஒரு வித்தைக்காரரைப் போலத் துணியைச் சரேலென்று உருவினார்.

அவ்வளவுதான். அறையே அலறியது!

ஒரு சிறுமி நாற்காலிக்கு அடியில் புகுந்தாள். ஒருவன் தன் அம்மாவின் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது ஆள் நாலு வயதுப் பொடியன். வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாசல் கதவைக் கட்டிக்கொண்டான். அவன் அப்பா இழுத்துப் பார்த்தார். கதவுதான் ஆடியது. பொடியன் அசையவில்லை.

"அது மரம்டா கண்ணா, கடிக்காது!" என்றார் அப்பா.

"கடிக்கும்! பல்லு இருக்கு!"

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். பூனைக்குட்டிக் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. வேலை ரொம்ப அருமை. ஆனா... இன்னிக்கு சாயங்காலமே திருப்பி எடுத்துட்டுப் போயிட முடியுமா?"

அம்மா துணியை மடிக்க ஆரம்பித்தார். ஒருமுறை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"இனிமே நாலு காலு, ஒரு பலகை, அவ்வளவுதான். சும்மா பெஞ்சு மட்டும் செய்யறேன்" என்று முணுமுணுத்தார்.

குண்டூசி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவாவது, சும்மா பெஞ்சாவது!

அவள் மெல்ல வாசலுக்குப் போய், பொடியனின் பக்கத்தில் தரையில் குந்தினாள். அவன் உயரத்திலிருந்து முதலையைப் பார்த்தாள். அடேயப்பா! மேலிருந்து பார்த்தபோது சிரிக்கும் முதலையாகத்தான் தெரிந்தது. கீழிருந்து பார்த்தால் பல், பல், பல் மட்டும்தான்!

'கடிக்காது' என்று இவனிடம் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு பெரிய பல்லை வைத்துக்கொண்டு கடிக்காது என்றால் யார்தான் நம்புவார்கள்?

"ஏய்... ஒரு ரகசியம் சொல்லட்டா? அது ஏன் வாயைத் திறந்தே வெச்சிருக்கு தெரியுமா?" என்றாள்.

பொடியன் தலையை ஆட்டினான். தெரியாது.

"அதுக்குப் பல்வலி. மூடினா வலிக்குது, பாவம். டாக்டர் பார்ப்பாருன்னு உன்னை மாதிரியே காத்துக்கிட்டிருக்கு."

பொடியன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு முதலையைப் பார்த்தான்.

"எந்தப் பல்லு?"

குண்டூசி ஒரே ஓட்டமாக ஓடினாள். அம்மாவின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினாள். முதலையின் கடைவாய்ப் பல் ஒன்றில் கறுப்பாக ஒரு பொட்டு வரைந்தாள். அம்மாவின் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, முதலையின் தாடைக்கு அடியில் கொடுத்து, கன்னத்தோடு சேர்த்துச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். முடிச்சின் இரண்டு முனைகளும் முயல் காது மாதிரி தொங்கின.

நாற்காலிக்கு அடியிலிருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்னடி பண்ணறே?" என்றார் அம்மா.

"உஷ்! நோயாளி இருக்கிற இடம்மா, சத்தம் போடக்கூடாது. உன் பையில புது பிரஷ் இருக்கா? பெயிண்ட் தொடாதது?"

இருந்தது. கை அகலத்துக்குப் பெரிய பிரஷ். அதைப் பொடியனிடம் நீட்டினாள்.

"டாக்டருக்கு உதவிக்கு ஆளே இல்ல. நீ கொஞ்சம் தேய்ச்சு விடறியா?"

பொடியன் யோசித்தான். கதவை விட்டான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. முதலையின் மூக்குக்கு எதிரே நின்று, விரலை நீட்டி எச்சரித்தான்: "கடிச்சே, ஊசிதான்!"

பிறகு தேய்க்கத் தொடங்கினான். பென்சில் பொட்டு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. "அழாதே, அழாதே. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று ஆறுதல் வேறு.

நாற்காலிக்கு அடியில் இருந்தவள் தவழ்ந்து வந்தாள். "டாக்டர், இந்தப் பல்லுலயும் அழுக்கு!" என்றாள். தோளில் இருந்தவனும் இறங்கி வந்து, "நான் வாலைப் பிடிச்சுக்கறேன், ஓடிடப் போகுது" என்றான்.

பல் டாக்டர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றிருந்தால் அவருக்கும் யாராவது பல் தேய்த்துவிட்டிருப்பார்கள். ஆனால் அவர் கெட்டிக்காரர். உள்ளே போய் ஒரு முகக்கவசமும் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியும் எடுத்து வந்தார். கவசத்தைப் பொடியனுக்கு மாட்டிவிட்டு, அவன் முன்னால் மண்டியிட்டார்.

"பெரிய டாக்டர் சார், நீங்க அதோட பல்லைப் பார்க்கறப்போ, நான் உங்க பல்லைப் பார்த்துக்கலாமா?"

பொடியன் ஒரு கணம் நின்றான். குண்டூசியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் முதலையின் சிவப்பு மெத்தையில் ஏறி உட்கார்ந்து, கவசத்தைக் கீழே இறக்கி, 'ஆ'வென்று வாயைத் திறந்தான்.

"இவன் வாயைத் திறக்க வைக்கறதுக்கு வீட்டுல நாங்க ஏழு பேர் சேர்ந்து பாடுபட்டோம்!" என்றார் அவன் அப்பா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

அம்மா குண்டூசியின் உருண்டைத் தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. முதலை அன்று மாலை திரும்பிப் போகவில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் தொலைபேசி அடித்தது. பேசியவர் பல் டாக்டர்.

"ஒரு சின்னப் பிரச்சினைங்க" என்றார்.

அம்மாவுக்குத் திக்கென்றது. "உடைஞ்சு போச்சா?"

"அதெல்லாம் இல்லை. பல்வலியே இல்லாத பிள்ளைங்களும் முதலைக்குப் பல் தேய்க்கணும்னு வந்து நிக்கறாங்க. வாசல் வரைக்கும் வரிசை. நான் என்னங்க செய்யறது?"

பக்கத்தில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த குண்டூசி எட்டி, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வரிசையில நிக்கறப்போவே ஒவ்வொருத்தர் பல்லையும் பார்த்து அனுப்பிடுங்க டாக்டர்! முதலை ஒண்ணும் அவசரப்படாது."