ரொசாரியோவின் இரண்டு விரல்கள்

'இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் இல்லை.' மார்லா ஃபலெட்டா அந்த வரியை இரண்டாம் முறையும் படித்தாள். இத்தாலியிலிருந்து வந்த அவளுடைய கொள்ளுத்தாத்தா ரொசாரியோ அமெரிக்கக் குடியுரிமை கேட்டு 1912-இல் போட்ட முதல் மனு அது. வீட்டுக் கூடத்துப் படத்தில் அதே கொள்ளுத்தாத்தா அக்கார்டியன் வாசிக்கிறார். அந்தப் படத்தில் பத்து விரல்களையும் எண்ணலாம்.

ஜனவரி மாதப் பிற்பகலில் நீதிமன்றத்தின் நிலவறை ஆவண அறையில் வெந்நீர்க் குழாய்கள் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தன. பழைய தோல் அட்டைகளின் புளித்த வாடையோடு, நனைந்த நிலக்கரியின் வாடையும் கசிந்து வந்து தொண்டையில் ஒட்டியது. சுரங்கங்களை மூடி அறுபது வருடமான ஊரில் அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. சுவருக்குள் யாரோ மூன்று முறை தட்டினார்கள். நின்றது. மறுபடி மூன்று.

"குழாய்தான் கண்ணு," என்றாள் குமாஸ்தா ஆர்லீன். "கெழட்டுக் கட்டடம். என்னைய மாதிரியே மூட்டுக்கு மூட்டு சத்தம் போடும்."

மேலே வாசல் பெஞ்சில் மகள் ஜீனா அக்கார்டியனோடு காத்திருந்தாள். பதினைந்து வயது. பலெர்மோ இசைப்பள்ளி அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அங்கே போய் வாழ இத்தாலியக் குடியுரிமை வேண்டும். ரொசாரியோ அமெரிக்கர் ஆவதற்கு முன்பே அவர் மகன் பிறந்திருந்தால் அது ரத்த வழியில் கிடைக்கும். மகன் பிறந்தது 1915. ரொசாரியோ இரண்டாம் மனு போட்டுப் பிரமாணம் எடுத்து அமெரிக்கர் ஆனது 1917. அதுவரை எல்லாம் சரி. ஆனால் முதல் மனுவில் பிறந்த வருடம் 1884, இரண்டாவதில் 1888.

"தூதரகத்துக்காரன் பாத்தா மூஞ்சில விட்டெறிவான்," என்றாள் ஆர்லீன். "ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஒரு சத்தியக் கடுதாசி குடுத்துரு. எல்லாரும் அதான் பண்றாங்க."

"வெரல் கணக்கு இடிக்குதே?"

"அட, செத்துப்போன மனுஷன் வெரலை எவன் எண்ணப்போறான்? இரு, படிவம் எடுத்துட்டு வரேன்."

அவள் போனதும் மார்லா திரும்பினாள். மேசையில் இன்னொரு பேரேடு திறந்து கிடந்தது. அதை அங்கே எடுத்து வைத்தது அவள் இல்லை. 1913, பிரேத விசாரணைக் குறிப்புகள்.

'அடையாளம் தெரியாத ஆண். கைவிட்ட சுரங்கக் கிளையில் தள்ளி, வாயிலைக் கல் அடுக்கி அடைத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் காகிதம் ஏதும் இல்லை. இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் இல்லை, பழைய ஊனம். மீதி எட்டு விரல்களிலும் நகம் இல்லை.'

இரண்டாம் மனுவில் அங்க அடையாளம் கேட்கும் கட்டமே கிடையாது. முதல் மனுக் காகிதம் கையில் இருந்தால் போதும். எவனோ ஒருவன் ரொசாரியோவை உயிரோடு அடைத்துவிட்டு, அந்தக் காகிதத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறான். கல்யாணம் செய்திருக்கிறான். அக்கார்டியன் வாசித்திருக்கிறான். அவனுடைய கொள்ளுப்பேத்திதான் இவள்.

தட்டல் அலமாரிக்குப் பின்னால் வந்தது. பிறகு மேசைக்கு அடியில்.

உண்மையைச் சொன்னால் பலெர்மோ போச்சு. செத்தவன் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். மார்லா பேரேட்டை மூடினாள். மூடிய கையில் கரி.

"வலது கையத் தூக்கு, கண்ணு," என்றாள் திரும்பி வந்த ஆர்லீன்.

மார்லா தூக்கினாள். "இரண்டு மனுவில் உள்ளவரும் ஒருவரே. அவர் என் கொள்ளுத்தாத்தா. நாங்கள் அவருடைய ரத்தம். சத்தியம்."

தட்டல் நின்றது.

ஆர்லீன் முத்திரையை அழுத்தினாள். மேலே அக்கார்டியன் ஒலித்துக்கொண்டிருந்தது. பாதியில் அறுந்தது.

மார்லா படியேறினாள். படிகளில் ஈரம். கறுப்பு ஈரம். வெறுங்கால் தடங்கள். எல்லாம் மேல்நோக்கி. அவள் ஓடினாள்.

ஜீனா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கார்டியன் தரையில் கிடந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"ஒரு தாத்தா வந்தாரும்மா. மேலெல்லாம் கரி. நான் அவரோட ரத்தம்னு நீதான் சத்தியம் பண்ணுனியாமே?"

"ஜீனா. கையக் காட்டு."

"வலிக்கலம்மா."

அவள் இடது கையைத் தூக்கினாள். வாசிக்கும்போது அவள் போடாத கம்பளிக் கையுறை அதில் இருந்தது. அதன் கடைசி இரண்டு விரல்கள் காலியாக மடங்கித் தொங்கின. நுனியிலிருந்து சொட்டியது.

"நாம அவரு மாதிரியே இருக்கணுமாம். அப்பதான் ஒரே ஆளுன்னு நம்புவாங்களாம்," என்று ஜீனா சிரித்தாள். கையை இறக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். மீதி எட்டு விரல்களும் பலகையைச் சுரண்டத் தொடங்கின.